ஐதரசன் அறையில் காட்டிய சூடம்

சனிக்கிழமை, காலை 5.40. ராகலையிலிருந்து நுவரெலியாவுக்குப் போகும் பஸ் புறப்படத் தயாராக நின்றது. பின்கதவோரம் நான்கு மூடை லீக்ஸ், அவற்றின் மேல் ஒரு பை கரட். நான் சாரதிக்குப் பின்னால் இரண்டாவது ஆசனத்தில் உட்கார்ந்தேன். மடியில் என் மனைவி கட்டித் தந்த பொதி. மகளுக்கு இரண்டு கம்பளிச் சட்டை, தீப்புண் மருந்து ஒரு குழாய், பகல் சாப்பாடு. நுவரெலியாவுக்கு இருபது கிலோமீற்றருக்குச் சற்று அதிகம். டிக்கட் நூற்றுப்பத்து ரூபாய்.

நான் போவது நோட்டன் பிரிட்ஜுக்கு. எங்கள் பக்கத்திலிருந்து அங்கே போய் வந்தவர்கள் குறைவு. மலைநாட்டின் கிழக்கு ஓரத்திலிருந்து மேற்கு ஓரத்துக்குப் போக வேண்டும். மூன்று பஸ், ஓர் ஆட்டோ. அங்கே மூடிக் கிடந்த தேயிலைத் தொழிற்சாலை ஒன்றை கொழும்பில் உள்ள ஒரு சிறிய கம்பனி வாடகைக்கு எடுத்து, அல்காவிலிருந்து ஐதரசன் வாயு எடுக்கும் ஆராய்ச்சியை நடத்தி வந்தது. அல்கா என்றால் நம் தண்ணீர்த் தொட்டியில் படரும் பச்சைப் பாசியின் குடும்பம். என் மகள் தர்ஷினி அங்கே நான்கு வருடமாக வேலை செய்கிறாள். பத்து நாட்களுக்கு முன், ஆயுத பூஜை அன்று காலை, வாயு அறை வெடித்தது. அவளுக்கு வலக்கையில் தீப்புண். அவளோடு நின்ற செல்லம்மா என்ற தொழிலாளிக்கு இரண்டு கைகளிலும் முகத்திலும்.

ஆஸ்பத்திரிக்கு என் மனைவிதான் போனாள். நான்கு நாள் பக்கத்தில் இருந்தாள். நான் பரீட்சை வேலை இருக்கிறது என்று வீட்டில் நின்றுகொண்டேன். பரீட்சை வேலை இருந்தது உண்மை. அதை இன்னோர் ஆசிரியரிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம் என்பதும் உண்மை. ஆஸ்பத்திரியிலிருந்து மகள் வீட்டுக்கு வராமல் நேரே தொழிற்சாலைக்குத் திரும்பிவிட்டாள், விசாரணை முடியவில்லை என்று. அவளைக் கூட்டி வரத்தான் இந்தப் பயணம்.

பஸ் கண்டக்டர் என் பழைய மாணவன்.

"என்னாங்க சேர், லீவு நாள்லயும் இருட்டோட கெளம்பிட்டீங்க?"

"நோட்டனுக்கு."

"அங்கதான் பாசிக் கம்பனி வெடிச்சிருச்சுன்னு போன்ல பார்த்தோமே. பாசி வழுக்கும்னு தெரியும் சேர். வெடிக்கும்னு இப்பத்தான் தெரியும்."

லீக்ஸ் மூடையில் சாய்ந்திருந்தவர் கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "எவனாச்சும் வழுக்கி விழுந்த சத்தமா இருக்கும்."

பஸ் சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன். கண்டக்டர் மீதிச் சில்லறையைக் கையில் வைத்தபடி குனிந்தான். "நீங்க சொல்லிக் குடுத்ததுல அது ஒண்ணுதான் சேர் ஞாபகம். ஐதரசன் போத்தலுக்குக் கிட்ட எரியிற குச்சியக் கொண்டு போனா 'பொப்'புன்னு சத்தம் வரும். மத்ததெல்லாம் மறந்து போச்சு."

அதற்குப் பிறகு கந்தப்பளை வரை நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். முட்டைக்கோஸ் பாத்திகளின் மேல் பனி வெள்ளையாக நின்றது.

7.05. நுவரெலியா பஸ் நிலையம். ஏரிப்பக்கமிருந்து குளிர் வந்தது. தொப்பி வைத்த பிள்ளைகளுடன் கொழும்புக் குடும்பங்கள் படம் எடுத்துக்கொண்டு நின்றன. ஹட்டன் பஸ் 7.30க்கு. டிக்கட் இருநூற்றுப் பத்து. நானுஓயாவைத் தாண்டியதும் பாதை தேயிலைக்குள் வளைந்து வளைந்து இறங்கத் தொடங்கியது. மகளின் முகத்தைப் பார்க்கும்போது முதல் வார்த்தையாக என்ன சொல்வது என்று அந்த வளைவுகளில் யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை.

ஏனென்று சொல்லிவிடுகிறேன். பூஜைக்கு முதல் நாள் மாலை அவளுக்குத் தொலைபேசி எடுத்தவன் நான். அந்த வாரம்தான் வாயு முதல்முறையாக நன்றாகச் சேர்கிறது என்று சந்தோஷமாக இருந்தாள். ஆனால் கண்ணாடிக் குழாய் இரண்டு அடுத்தடுத்து உடைந்துவிட்டன என்றும் சொன்னாள். எனக்கு அது மனதில் குத்தியது.

"நாளைக்கு ஆயுத பூஜை. ஒன் மெஷினுக்கும் சந்தனம் குங்குமம் வச்சு ஒரு சூடம் காட்டச் சொல்லு" என்றேன்.

அவள் சிரித்தாள். "அப்பா, நீங்க சயன்ஸ் சேர்."

"சயன்ஸ் வேற, சாமி வேற. காட்டாம விடாத."

இருபத்தாறு வருடமாகப் பத்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு ஐதரசன் பாடம் நடத்துகிறவன் சொன்ன வார்த்தை இது. மலையகத்தைத் தெரியாதவர்களுக்கு இது விளங்காமல் போகலாம். தோட்டங்களில் ஆயுத பூஜை கோயிலில் நடப்பதைவிடத் தொழிற்சாலையில் பெரிதாக நடக்கும். கொழுந்து அரைக்கும் ரோலர், காயவைக்கும் அடுப்பு, நிறுக்கும் தராசு, லொறி எல்லாவற்றையும் கழுவி, வாழைமரம் கட்டி, ஒவ்வொன்றின் முன்னாலும் சூடம் காட்டுவார்கள். அன்று ஒரு மெஷினை விட்டுவிட்டால் அது வருடம் முழுக்க வேலைக்காரன் கையைக் கேட்கும் என்பார்கள். என் அப்பா ரோலர் அறையில் வேலை செய்தவர். நான் படித்த விஞ்ஞானம் அதற்கு மேல் பூசிய பூச்சாகத்தான் இருந்திருக்கிறது. இந்தத் தொலைபேசி விஷயத்தை நான் மனைவியிடம் சொல்லவில்லை.

10.10. ஹட்டன். தலவாக்கலையில் அரை மணி நேரம் பாதை வேலைக்காக நிறுத்திவிட்டார்கள். ஹட்டன் கடைத்தெரு சனிக்கிழமைக் கூட்டத்தில் நெரிந்தது. சம்பளம் எடுத்தவர்கள், பாடசாலைச் சப்பாத்து வாங்க வந்தவர்கள், ஒரு கடை வாசலில் கூவிக் கூவிப் போர்வை விற்கிறவர். பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு முஸ்லிம் கடையில் பிளேன்டியும் இரண்டு ரொட்டியும். இருநூற்றிருபது ரூபாய். கடைக்காரர் பொதியைப் பார்த்து, "தூரமா சேர்?" என்றார். நோட்டன் என்றேன். "அங்கிட்டு ஒரு கெழமையா மழை விடல. குடை இருக்கா?" என்று கேட்டு, இல்லை என்றதும், யாரோ மறந்து விட்டுப் போன குடையை எடுத்துத் தந்தார். திரும்பி வரும்போது கொடுத்தால் போதும் என்றார்.

11.00 மணி பஸ். டிக்கட் தொண்ணூற்றைந்து. மரக்கறி நிலமும் வெளிச்சமும் உள்ள எங்கள் பக்கத்தைப் போல இல்லை இது. மலைகள் நெருங்கி நிற்கின்றன. எங்கே பார்த்தாலும் தண்ணீர் ஓடுகிறது, வடிகிறது, நீர்த்தேக்கத்தில் தேங்கி நிற்கிறது. இந்தப் பள்ளத்தாக்கில்தான் நாட்டுக்கு மின்சாரம் எடுக்கிறார்கள். மின்கம்பிகள் பெரிய இரும்புக் கோபுரங்களில் ஏறி, தோட்டத் தொழிலாளர் லயங்களின் தகரக் கூரைகளுக்கு மேலாக, நிற்காமல் கொழும்புப் பக்கம் போகின்றன.

12.05. நோட்டன் பிரிட்ஜ். அணைக்கட்டும் அதன் ஓரம் பத்துப் பதினைந்து கடைகளும். தொழிற்சாலைக்கு மேலே நான்கு கிலோமீற்றர். ஆட்டோவுக்கு அறுநூறு ரூபாய். ஓட்டுநருக்கு முப்பது வயதிருக்கும்.

"பாசி ஃபெக்டரிக்கா? அங்க இப்ப ஒண்ணுமில்லீங்களே. பூட்டப் போறாங்க."

"யாரால நடந்துச்சாம்?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

"செல்லம்மாக்காதாங்க. யாருகிட்டயும் கேக்காம உள்ள போயி சூடத்தக் கொளுத்திருச்சாம். அதுவே எழுதிக் குடுத்திருச்சு. இனி வேலைய விட்டு நிப்பாட்டுவாங்க. வேலை போனா குவாட்டர்ஸும் போகும். மக வீட்டுக்குப் போகலாம்னா அது மண்சரிவுல அடிச்சிக்கிட்டுப் போயிருச்சு." ஒரு வளைவில் ஹோர்ன் அடித்துவிட்டுத் தொடர்ந்தார். "நல்ல பொம்பளங்க. வாய்தான் கொஞ்சம் நீளம். அந்தப் பாசி மாவ ரொட்டியில போட்டுச் சுட்டு, சத்து சத்துன்னு எங்க வாயில திணிக்கும். ஒரு மாசம் லயத்துல எல்லாப் பயலும் பச்சைப் பல்லோட திரிஞ்சோம்."

12.35. தொழிற்சாலை நான்கு மாடி. சாம்பல் நிறத் தகரம். மேல் மாடியில் ஒரு மூலைக் கூரை இல்லை. அந்த இடத்தில் நீலப் பிளாஸ்டிக் விரிப்பைக் கயிற்றால் கட்டியிருந்தார்கள். மழை அதன்மேல் விழும் சத்தம் வாசலிலேயே கேட்டது.

தர்ஷினி படியில் இறங்கி வந்தாள். புருவம் இரண்டும் இல்லை. முகம் தெரியாதவள் முகம் போல இருந்தது. வலக்கையில் கட்டு. "சாப்பிட்டீங்களாப்பா?" என்றாள். நான் பொதியை நீட்டினேன். அவ்வளவுதான் எங்களால் முடிந்தது.

அவளுக்குப் பின்னால் செல்லம்மா வந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். இரண்டு கைகளும் முழங்கை வரை வெள்ளைத் துணிச் சுற்றுக்குள். கன்னத்தில் தோல் உரிந்து இளஞ்சிவப்பாகத் தெரிந்தது.

"வாங்க சேர். கும்பிடலாம்னா கை ரெண்டும் பார்சல்ல இருக்கு. மன்னிச்சுக்குங்க" என்றார்.

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு மகள் என்னை எல்லா மாடிகளுக்கும் கூட்டிப் போனாள். போகாதவர்களுக்காக நான் கண்டதை எழுதுகிறேன். முன்பு கொழுந்தை வாடப்போடும் நீண்ட தட்டுகள் இருந்த மாடியில், இப்போது ஆள் உயரக் கண்ணாடிக் குழாய்கள் நிரை நிரையாக நிற்கின்றன. உள்ளே பச்சைத் தண்ணீர். அதிலுள்ள அல்கா சாதாரண அல்கா இல்லை. அதன் பரம்பரையலகுகள், அதாவது மரபணுக்கள், சிலவற்றை மாற்றியிருக்கிறார்கள். வெளிச்சத்தில் அது முதலில் கொழுக்கும். பிறகு கந்தகம் இல்லாத நீருக்கு மாற்றி, காற்றுப் படாமல் அடைத்து வைத்தால், ஒட்சிசன் தீர்ந்து அதற்கு மூச்சு முட்டும். அப்போது அதனுள் இருக்கும் ஒரு நொதியம் விழித்துக்கொண்டு ஐதரசனை வெளியே விடும். கீழ்மாடியில் தேயிலைக் கழிவு நீரைத் தின்று அதே வேலையைச் செய்யும் நுண்ணங்கிகள் ஒரு தொட்டியில் இருந்தன. வாயு எடுத்து முடிந்த அல்காவை வடித்துக் காயவைத்தால் பச்சை மாவு. அதில் புரதமும் இரும்பும் விற்றமின்களும் கூடுதலாக இருக்கும்படி இன்னொரு மாற்றம் செய்திருந்தார்கள். கொழுந்து பறிக்கும் பெண்களுக்கு இரத்தம் குறைவு என்பது யாரும் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டிய விஷயமில்லை. வாயு கம்பனிக்கு, மாவு நமக்கு என்று தர்ஷினி ஒரு தடவை வீட்டில் சொன்னது எனக்குத் தெரியும். பரிசோதித்து அனுமதி வாங்கியிருந்த முதல் வகை மாவைத்தான் செல்லம்மா ரொட்டியில் போட்டது.

மின்சாரத்தை நிறுத்தியிருந்தார்கள். குழாய்களில் பச்சை அடியில் படிந்து, மேலே தண்ணீர் கலங்கலாக நின்றது.

வாயு அறை மேல் மாடி மூலையில். அது முழுக் கதையையும் தானே சொன்னது. வாயுவைச் சேர்க்கும் பையின் இரும்புச் சட்டத்தில் சந்தனப் பொட்டு மூன்று, கருகாமல் அப்படியே இருந்தன. ஜன்னல்களில் கண்ணாடி இல்லை. சுவரில் கருகிய அறிவிப்பு ஒன்று, ஆங்கிலத்தில்: ஜன்னல்களை எந்நேரமும் திறந்து வைக்கவும்.

"ஜன்னல் சாத்தியிருந்துச்சா?" என்று கேட்டேன்.

செல்லம்மா பதில் சொன்னார். "நான்தான் சாத்தினேன் சேர். விடியக்காலம் மூட்டம் வந்துச்சு. இந்த மாடியில இருபத்தெட்டு வருசம் கொழுந்து போட்டவ நான். மூட்டம் வந்தா ஜன்னலச் சாத்தணும், இல்லாட்டி கொழுந்து ஈரத்தக் குடிச்சிரும், டீமேக்கர் கத்துவாரு. கை தன்னால போயிருச்சு. சந்து பொந்துக்கு சாக்கு வேற அடைச்சேன். தர்ஷினி பாப்பா எத்தனையோ தரம் சொல்லியிருக்கு, தொறந்தே வைங்கன்னு. மூட்டத்தக் கண்டா கைக்கு அது ஞாபகம் வரலையே."

டீமேக்கர் என்பவர் தொழிற்சாலையில் தேயிலையின் பதத்துக்குப் பொறுப்பானவர். பன்னிரண்டு வருடமாக அங்கே டீமேக்கர் இல்லை.

தர்ஷினி சுவரைப் பார்த்தபடி சொன்னாள்: "சாத்தியிருக்குன்னு நான் பார்த்தேன்பா. உள்ள வந்ததும் பார்த்தேன். குளிரா இருந்துச்சு, பூஜை அஞ்சு நிமிசம்தானேன்னு விட்டுட்டேன். பையில எங்கயோ கசிவு இருந்திருக்கு. ஐதரசன் மேலதான் போய் நிக்கும், கூரைக்கு அடியில. எனக்குத் தெரியும். அக்கா தட்டத் தூக்கிக் காட்டினாங்க."

அவள் என்னைப் பார்க்கவில்லை. தொலைபேசியைப் பற்றியும் சொல்லவில்லை.

மாலை 5.30. மழை விடவில்லை. அவள் தங்கும் அறையில் ஒரு கட்டில், ஒரு மேசை. மேசையில் கம்பனி அனுப்பிய காகிதம் இருந்தது. செல்லம்மா அனுமதியின்றி வாயு அறைக்குள் நுழைந்து தீ மூட்டினார், ஆராய்ச்சி உத்தியோகத்தர் தர்ஷினி தடுக்க ஓடியபோது காயமடைந்தார் என்று அதில் எழுதியிருந்தது. செல்லம்மா ஏற்கெனவே கையொப்பம் வைத்திருந்தார், கட்டுப் போட்ட கையால், கோணல் மாணலாக. தர்ஷினியின் கையொப்பத்துக்கு இடம் விட்டிருந்தது. மறுநாள் காலை மனேஜர் வந்து எடுத்துப் போவார்.

அவளுக்கு வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் கலாநிதிப் பட்டத்துக்கு இடம் கிடைத்திருந்தது. கம்பனியின் சான்றுக் கடிதம் போனால்தான் அது உறுதியாகும்.

"கையெழுத்த வச்சிட்டு வா" என்றேன். "அந்த அம்மாவே ஒத்துக்கிட்டாங்க. நாம அவங்களுக்கு வேற விதமா உதவி செய்யலாம்."

"என்ன விதமா?"

நான் காகிதத்தை அவள் பக்கம் நகர்த்தினேன்.

"அவங்களா நெனச்சு சூடம் காட்டினாங்கன்னு இதுல இருக்கு" என்றாள். "நான்தான் காட்டச் சொன்னேன். கற்பூரம் வாங்கக் காசு குடுத்து அனுப்பினதும் நான்தான்."

"நான் சொல்லித்தானே நீ சொன்ன."

முதல் தடவையாக அதை வாய்விட்டுச் சொன்னேன். அவள் கட்டுத் துணியின் நுனியைச் சுருட்டினாள். "நீங்க ராகலையில இருந்தீங்கப்பா. இங்க நின்னது நான். ஜன்னலப் பார்த்ததும் நான்" என்று முடித்துவிட்டு, வேறொரு தாளில் நடந்ததை இடக்கையால் எழுதத் தொடங்கினாள். குழந்தை எழுத்துப் போல பெரிது பெரிதாக வந்தது. நான் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நிறுத்து என்று சொல்ல நினைத்தேன். நன்றாக எழுது என்று சொல்லவும் நினைத்தேன்.

ஞாயிறு, காலை 9.20. மனேஜர் ஜீப்பில் வந்தார். சிங்களவர், முப்பத்தைந்து வயது இருக்கும், தூக்கம் இல்லாத கண்கள். கெட்ட மனிதர் என்று எழுத எனக்கு ஆசை. அவர் அப்படி இல்லை. வந்ததும் செல்லம்மாவின் கட்டைப் பார்த்து, ஆஸ்பத்திரிக்கு எப்போது போக வேண்டும் என்று விசாரித்தார். தர்ஷினியின் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தார். பிறகு சிங்களத்தில் மெதுவாகச் சொன்னார்: இதை நான் மேலே கொடுத்தால் உங்களுக்குச் சான்றுக் கடிதம் தர மாட்டார்கள், தெரியும்தானே. தெரியும் என்றாள். செல்லம்மாவைப் பார்த்தார். அந்த அம்மா தமிழில் கத்தினார்.

"மாத்தையா, அந்தக் கடுதாசியக் கிழிச்சுப் போடுங்க! பாப்பா தூக்கமில்லாம என்னமோ எழுதியிருக்கு. நாந்தான், நாந்தான்னு எத்தனை தரம் சொல்றது? எனக்கென்ன, வயசு போன கட்டை. அது படிக்கிற புள்ள."

"அக்கா, பேசாம இருங்க" என்றாள் தர்ஷினி.

மனேஜர் என்னைப் பார்த்தார். தகப்பன் என்ன சொல்கிறார் என்று கேட்பது போல இருந்தது. கடிதத்தில் ஒரு வரி குறைகிறது என்பது எனக்குத் தெரியும். 'வேறு யாரும் என்னைத் தூண்டவில்லை' என்று மகள் முடித்திருந்தாள். நான் வாயைத் திறந்தேன். "மகள் எழுதினது சரி" என்று சிங்களத்தில் சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். அவர் கடிதத்தை மடித்துப் பையில் வைத்தார். செல்லம்மாவை உடனே நிறுத்த மாட்டார்கள், சாமான்களை ஏற்றி முடியும்வரை காவலுக்கு வைத்துக்கொள்ள முயல்கிறேன், குவாட்டர்ஸும் அதுவரை இருக்கும் என்றார். அதற்குப் பிறகு என்ன என்று யாரும் கேட்கவில்லை.

10.15. இன்னொரு வேலை மிஞ்சியிருந்தது. பரம்பரையலகு மாற்றிய உயிர்களை அப்படியே விட்டுவிட்டுப் போக முடியாது. ஆற்றில் கலந்துவிடக் கூடாது. மூடுவதென்றால் எல்லாவற்றையும் கொன்றுவிட்டுத்தான் மூட வேண்டும், மனேஜர் கண் முன்னால். வெளிற்றும் திரவம் பெரிய கலன்களில் வந்திருந்தது. கை முழுதாக இருந்தவர்கள் நானும் மனேஜரும் மட்டும்தான். தர்ஷினி அளவு சொல்ல, நான் ஊற்றினேன்.

ஒரு குழாய்க்கு இரண்டு நிமிடம் ஆகிறது. பச்சை முதலில் மஞ்சளடிக்கும். பிறகு பழைய சுண்ணாம்புத் தண்ணீர் போல வெளுத்துவிடும். அறுபத்திரண்டு குழாய்கள். மூக்கு எரிந்தது. பாதி வழியில் செல்லம்மா எங்களுக்குப் பின்னால் வந்து நின்று, ஒவ்வொரு குழாயாகப் பார்த்துக்கொண்டு வந்தார். "இது மெதுவா வளரும், சோம்பேறி" என்றார் ஒன்றைக் காட்டி. "இதுக்கு வெயில் கூடினா ஆகாது. போர்வ போட்டு வைப்பேன்." கடைசிக் குழாயில் நான் ஊற்றும்போது முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டார். கையால் துடைக்க முடியாது.

தர்ஷினி அழவில்லை. குழாய் எண்களைப் புத்தகத்தில் ஒவ்வொன்றாக வெட்டினாள்.

12.50. ஆட்டோ வரும்வரை செல்லம்மா எங்களோடு வாசலில் நின்றார். தர்ஷினி பையை எடுக்க உள்ளே போன நேரம் நான் சொன்னேன். "அம்மா, சூடம் காட்டச் சொல்லி மகளுக்கு போன் பண்ணினது நான்தாங்க."

அவர் கொஞ்சமும் அசரவில்லை. "நீங்க சொல்லாட்டி விட்டிருப்பேனா சேர்? ரோலருக்குக் காட்டின கை. புது மெஷின் வந்த நாள்லயிருந்து ஒவ்வொரு வருசமும் பாப்பாவுக்குத் தெரியாம காட்டிக்கிட்டுத்தான் இருந்தேன். ஜன்னல் தொறந்திருந்துச்சு, ஒண்ணும் ஆகல. இந்த வருசம் அது கூட நின்னு கும்பிட்டுச்சேன்னு எனக்கு அவ்வளவு சந்தோசம்."

அது உண்மையா, என்னைத் தேற்றுவதற்காக அந்த இடத்திலேயே கட்டியதா, எனக்குத் தெரியவில்லை. உண்மை என்றால் என் பாரம் குறைய வேண்டும். குறையவில்லை. என் வார்த்தை இல்லாவிட்டாலும் சூடத் தட்டு எரிந்திருக்கலாம். ஆனால் என் மகள் பக்கத்தில் நின்றிருக்க மாட்டாள்.

3.20. ஹட்டனில் குடையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நுவரெலியா பஸ்ஸில் ஏறினோம். அவள் ஜன்னலோரம், வலப்பக்க ஆசனத்தில். நான் அவளுக்கு இடப்பக்கம். கொட்டகலை வந்தது. பிறகு மெதுவாகச் சொன்னேன்: "கம்பனிக்கு நான் ஒரு கடிதம் எழுதப் போறேன். சூடம் காட்டச் சொன்னது நான்தான்னு."

அவள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுபடி சொன்னேன். திரும்பவில்லை. கோபம் என்று நினைத்தேன். அது நியாயம்தான் என்றும் நினைத்தேன். ஒரு வளைவில் பஸ் சாய, என் தோள் அவள்மேல் இடித்தது. திரும்பிப் பார்த்தாள்.

"என்னமோ சொன்னீங்களாப்பா? இந்தப் பக்கக் காது கேக்குறதில்ல. அன்னைக்கிலேருந்து."

"டாக்டர் என்ன சொல்றார்?"

"பார்க்கலாம்னு சொல்றார். அம்மாகிட்ட சொல்லாதீங்க, பயந்துருவாங்க."

பஸ்ஸில் பாட்டு உரத்து ஓடியது. நான் சொன்னதை அவளுக்குக் கேட்கும்படி சொல்ல வேண்டியிருந்தது. உரத்துச் சொன்னேன். முன் ஆசனத்தில் இருந்த இரண்டு பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். கண்டக்டர் பார்த்தார். நான்தான் சூடம் காட்டச் சொன்னேன் என்று ஐம்பது பேர் இருந்த பஸ்ஸில் சொல்லிவிட்டு, வெட்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

தலவாக்கலை வந்தது. போனது. நீர்வீழ்ச்சியைப் பார்க்க ஆட்கள் இறங்கினார்கள். அப்போதுதான் அவள் பதில் சொன்னாள்.

"கம்பனிக்கு அப்புறம் எழுதலாம். மொதல்ல அம்மாகிட்ட சொல்லுங்க."

7.15. ராகலை. எங்கள் பக்கத்தில் மழை பெய்திருக்கவே இல்லை. பாதை உலர்ந்து கிடந்தது, கடைகளில் ஞாயிற்றுக்கிழமை வியாபாரம் ஓய்ந்துகொண்டிருந்தது. ஒரே மலைநாடு, ஒரே தேயிலை, ஒரே சனம். ஆனாலும் நோட்டனில் கழுத்துவரை இருந்த ஈரம் இங்கே வந்தும் என் சட்டையில் காயாமல் இருந்தது. வீட்டு வாசலில் மனைவி நின்றாள். மகளின் முகத்தை இரண்டு கைகளாலும் பிடித்துப் பார்த்தாள். உள்ளே கூட்டிப்போய்ச் சோறு போட்டாள்.

மகள் சாப்பிட்டு எழுந்த பிறகு அடுப்படியில் வைத்துச் சொன்னேன். தொலைபேசி எடுத்தது, காட்டாமல் விடாதே என்றது, மனேஜர் முன்னால் வாய் வராதது, எல்லாவற்றையும். மனைவி கழுவிக்கொண்டிருந்த தட்டை வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"இத வச்சுக்கிட்டுத்தான் நாலு நாளும் ஆஸ்பத்திரிப் பக்கம் வராம இருந்தீங்களா?"

ஆமாம் என்றேன்.